தடையும் பிணையும்

ஞாயிறு திருப்பலியின் முடிவில் திருமண ஓலை வாசிக்கப்படும் வேளையில் நம்மில் பலர் புறப்படும் அவசரத்தில் இருக்கிறோம். மூன்று முறை வாசித்தும் தடை கூற எவரும் எழுவதில்லை. ஆகவே அச்சொற்கள் செவியில் விழுந்தும் விழாமலும் போய்விடுகின்றன. ஆங்கிலத்தின் புகழ்பெற்ற காதற்கவிதை ஒன்று அந்த ஓலையின் சொல்லைக் கொண்டே தொடங்குகிறது என்பது சிலருக்கு வியப்பளிக்கலாம். 1609-இல் வெளிவந்த சேக்ஸ்பியரின் சானெட்டுகளுள் 116-ஆவது அது; பதினான்கே அடிகள்.

அதில் வரும் 'தடை' கவிஞர் புனைந்த சொல் அன்று. திருச்சபைச் சட்டத்தின் சொல். மறைவுத் திருமணங்களை ஒழிக்க, மணமக்களின் பெயரை முன்னறிவிக்கும் வழக்கத்தை 1215-இல் நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கம் திருச்சபை முழுமைக்கும் விதித்தது. உரோமையைப் பிரிந்த பின்னும் இங்கிலாந்து இதைக் கைவிடவில்லை. 1559-ஆம் ஆண்டின் ஆங்கிலச் செபநூல்படி, மணநாளில் குரு முதலில் சபையாரைக் கேட்பார். பின்பு தீர்ப்பு நாளை நினைவூட்டி மணமக்களையே கேட்பார். கவிதையும் தடையில் தொடங்கி, பன்னிரண்டாம் அடியில் தீர்ப்பு நாளின் விளிம்பைத் தொடுகிறது. அக்காலத்தவர்க்கு இது ஆலயத்தில் கேட்டுப் பழகிய ஒலி.

சேக்ஸ்பியருக்கு இது ஏட்டறிவு மட்டுமன்று. 1582 நவம்பரில் மணமுடிக்க விரும்பியபோது அவருக்கு வயது பதினெட்டு. திருமணத்துக்கு விலக்கான திருவருகைக் காலம் நெருங்கியிருந்தது. மணமகள் ஆனோ கருவுற்றிருந்தார். ஒரே முறை ஓலை வாசித்து மணமுடிக்க வூஸ்டர் ஆயரகத்தில் அனுமதி வேண்டப்பட்டது. சட்டத் தடை எதுவுமில்லை என்பதற்கு ஸ்ட்ராட்போர்ட் உழவர் இருவர் நவம்பர் 28-இல் 40 பவுண்டுக்குப் பிணை எழுதிக் கொடுத்தனர். 1583 மே 26-இல் மகள் சூசன்னா திருமுழுக்குப் பெற்றாள்.

இன்று ஆங்கிலம் பேசும் நாடுகளில் திருமணங்களில் இக்கவிதை வாசிக்கப்படுகிறது. ஆனால் இது புதுமணமக்களின் மகிழ்ச்சிப் பாடல் அன்று. முதல் 126 சானெட்டுகளிற் பெரும்பாலானவை ஓர் இளம் நண்பரை நோக்கியவை. இதிலோ 'நீ' என்ற விளியே இல்லை. அன்பு எதுவன்று என்றே கவிஞர் மிகுதியும் பேசுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய பவுலடியாரும் அவ்வாறே செய்தாரன்றோ! ஒருவர் மாறினார் என்பதற்காக மற்றவரின் அன்பும் மாறுமாயின் அது அன்பே அன்று என்கிறார். புயலில் அலைந்த கப்பலும், அதற்கு வழிகாட்டும் அசையா விண்மீனும், கன்னத்தின் செம்மையைக் கொய்யும் காலத்தின் அரிவாளும் அவர் காட்டும் உவமைகள். சோதனையைக் கண்டவரின் பேச்சாகவே இது நமக்குப் படுகிறது.

ஓரிடத்தில் நமக்குத் தயக்கமுண்டு. மணவாக்குறுதி இறப்பு வரையில்தான். உயிர்த்தெழுதலில் மணம் இல்லையென்று ஆண்டவரே சதுசேயருக்கு உரைத்தார். கவிஞரோ தீர்ப்பு நாள்வரை நீட்டுகிறார். ஆயினும் அவர் பேசுவது மனங்களின் மணம். இறந்த கணவருக்காக ஆண்டுதோறும் திருப்பலி ஒப்புக்கொடுக்கும் கைம்பெண்களை அறிந்த நாம் அவரைக் கடிந்துகொள்ள விரும்பவில்லை.

கடைசி ஈரடிக்கும் செபநூலே திறவுகோல். தடை உண்டென்று எழுந்து கூறுபவர் அதை மெய்ப்பிக்கப் பிணை தரவேண்டும் என்று அந்நூல் விதித்தது. தடையை ஏற்க மறுக்கும் கவிஞரும் பிணை தருகிறார். தம் கூற்றுப் பிழையென நிறுவப்படுமாயின் தாம் எதையும் எழுதியதில்லை, எந்த மனிதரும் காதலித்ததுமில்லை என்கிறார். அன்று உழவர் இருவர் 40 பவுண்டை ஈடு வைத்தனர். இங்கே அவர் தம் எழுத்து முழுவதையும் வைக்கிறார்.