கண் மருத்துவரும் 11,172 அசைகளும்

சில வாரங்களுக்கு முன் முதுகலை மாணவி ஒருவர் நம்மிடம் ஒரு கோரிக்கையோடு வந்தார். கொரியத் தொலைக்காட்சித் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே அம்மொழியை ஓரளவு கற்றுக்கொண்டவர் அவர். துறையில் உள்ள ஆங்கிலக் கணிப்பொறியில் கொரியம் தட்டச்சு செய்ய வழி உண்டா என்பது கேள்வி. விண்டோஸின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, நேரமும் மொழியும் என்ற பகுதிக்குள் சென்று, மொழிப் பட்டியலில் கொரியத்தைச் சேர்த்தோம். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது என்று எண்ணினோம். ஆனால் விசைகளைத் தட்டினால் திரையில் வந்தவை ஆங்கில எழுத்துகளே.

காரணம் சிறியது. கொரியாவில் விற்கப்படும் விசைப்பலகையில் இடைவெளிப் பட்டைக்கு வலப்புறம், கொரியத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மாற்றித் தரும் தனி விசை ஒன்று உண்டு. நம் விசைப்பலகையில் அது கிடையாது. அதன் வேலையை வலப்பக்க ஆல்ட் விசை செய்கிறது. அதை ஒருமுறை அழுத்தியதும் திரையின் கீழ்மூலையில் இருந்த ‘ஏ’ என்னும் ஆங்கில எழுத்து மறைந்து, ‘க’ என்று ஒலிக்கும் கொரிய எழுத்து தோன்றியது. மாணவி மகிழ்ந்தார். நமக்கோ, அந்தச் சிறு குறியீட்டுக்குப் பின்னால் உள்ள வரலாற்றைத் தேடிப் படிக்கும் ஆவல் பிறந்தது.

இந்த எளிமை அண்மையில் வந்தது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில், கிழக்காசிய மொழிகளுக்கான கோப்புகளை நிறுவுக என்னும் கட்டத்தில் குறியிட்டு, மூலக் குறுந்தகட்டையும் உள்ளே இட்டால்தான் கொரிய எழுத்து திரையில் தெரியும். இல்லையேல் வெற்றுக் கட்டங்களே தெரியும். அதற்கும் முன்பு கொரிய விண்டோஸையே தனியாக வாங்க வேண்டும், அல்லது வேறு மென்பொருளை நாட வேண்டும். ஆயினும், இந்த வசதியைக் கணிப்பொறியின் வளர்ச்சி தானாகத் தந்த வரம் என்று கொள்வதற்கில்லை. இதற்குள் இரண்டு வழக்குகள் அடங்கியுள்ளன. ஒன்றில் கொரியர் தம் எழுத்தின் இலக்கணத்தை விட்டுக்கொடுத்தனர். மற்றொன்றில் விட்டுக்கொடுக்க மறுத்தனர். இரண்டின் விளைவுகளும் இன்றுவரை நீடிக்கின்றன.

முதலில் எழுத்தின் இயல்பைப் பார்ப்போம். ஹங்குல் எனப்படும் கொரிய எழுத்து, செஜோங் மன்னரால் 1443இல் வகுக்கப்பட்டு 1446இல் வெளியிடப்பட்டது. அதில் மெய்க்கும் உயிர்க்கும் தனித்தனி வடிவங்கள் உண்டு. ஆனால் அவை வரிசையாக நிற்பதில்லை. அசையின் முதலில் வரும் மெய், நடுவில் வரும் உயிர், இறுதியில் வரும் மெய் ஆகிய மூன்றும் ஒரு சதுரத்துக்குள் அடுக்கப்படுகின்றன. மொழிக்கு முதலில் வருபவை எவை, ஈற்றில் வருபவை எவை என்று நம் இலக்கணிகள் பிரித்ததைப் போல, அவர்களும் அசையின் முதல், நடு, இறுதி என மூன்று நிலைகளைப் பிரித்தனர். இறுதி மெய்க்கெனப் புதிய வடிவங்களை உண்டாக்காமல், முதலெழுத்துகளையே மீண்டும் பயன்படுத்துக என்பது 1446ஆம் ஆண்டின் விளக்கநூல் தந்த விதி. இன்றைய வழக்கில் முதல் நிலையில் 19, நடுநிலையில் 21, இறுதி நிலையில் 27 வடிவங்கள் வரலாம். இறுதி மெய் இல்லாத நிலையையும் சேர்த்துப் பெருக்கினால் 11,172 அசைகள் கிடைக்கும்.

இப்போது விசைப்பலகைக்கு வருவோம். கொரியாவின் இன்றைய தர விசைப்பலகைக்குத் ‘துபோல்சிக்’ என்று பெயர். இரு தொகுதி முறை என்பது பொருள். அடிப்படை மெய்கள் 14 இடக்கைக்கு. 12 உயிர்களில் ஒன்று தவிர ஏனையவை வலக்கைக்கு. கூட்டினால் 26. ஆங்கிலத்தின் 26 விசைகளில் ஒன்றுகூட மிஞ்சாமல், ஒன்றுகூடக் குறையாமல் கொரியம் அமர்ந்துகொள்கிறது. இரட்டை மெய்களுக்கு ஷிப்ட் விசை போதும். ஆங்கிலக் கணிப்பொறியில் கொரியம் இத்தனை எளிதாகக் குடியேறுவதற்கு இந்தப் பொருத்தமும் ஒரு காரணம்.

ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. முதல் மெய்க்கும் இறுதி மெய்க்கும் ஒரே விசை என்பதால், தட்டப்பட்ட மெய் எந்த அசையைச் சேர்ந்தது என்பது அடுத்த விசையைத் தட்டும்வரை கணிப்பொறிக்குத் தெரியாது. ஒன்று எனப் பொருள்படும் ‘ஹனா’ என்ற சொல்லைத் தட்டும்போது, மூன்றாம் விசையில் திரையில் ‘ஹன்’ என்று ஒரே சதுரமாகத் தோன்றும். நான்காவதாக உயிரைத் தட்டியதும் அந்த மெய் முந்தைய சதுரத்தைவிட்டுத் தாவி அடுத்த சதுரத்துக்குப் போய்விடும். ஓரிடத்தில் தோன்றி மறைந்து வேறிடத்தில் தோன்றும் இதற்குக் கொரியர் இட்ட பெயர் ‘தொக்கேபி புல்’, அதாவது பேய்நெருப்பு. நம் ஊர்ப்புறத்துக் கொள்ளிவாய்ப் பிசாசுதான் அது.

இந்தப் பேயை ஓட்ட முயன்றவர் ஒரு கண் மருத்துவர். கோங் பியோங்-ஊ என்பது அவர் பெயர். சியோலில் கண் மருத்துவமனை நடத்திவந்த அவரிடம் சிகிச்சைக்கு வந்த யீ குக்-ரோ என்ற மொழியறிஞர் வழியாகத் தம் எழுத்தின் அருமையை உணர்ந்தார் என்பர். ஜப்பானிய ஆட்சி அந்த எழுத்தை ஒடுக்கிய காலம் அது. நாடு விடுதலை பெற்றபின், 1949இல் அவர் ஒரு தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். முதல் மெய், நடு உயிர், இறுதி மெய் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி விசைத் தொகுதிகள். ஆகவே ‘செபோல்சிக்’, முத்தொகுதி முறை. கை வலமிருந்து இடமாக ஓடும். எழுதும் வரிசையும் தட்டும் வரிசையும் ஒன்றாகவே இருக்கும். எந்த மெய்யும் தாவாது. கொரியப் போர்க்காலத்தில் கடற்படை இப்பொறியைக் கையாண்டது.

வேகம் இருந்தது, அழகு இல்லை என்றனர் எதிர்த்தவர்கள். இப்பொறியில் அடித்த எழுத்துகள் சதுரத்துக்குள் அடங்கவில்லை. மேற்புறம் ஒரே கோட்டில் நிற்க, இறுதி மெய் உள்ளவை மட்டும் கீழே தொங்கின. கொடியில் காயப்போட்ட துணிபோல் இருக்கிறது என்று அதற்குப் பெயரே வைத்துவிட்டனர். சதுர வடிவம் வேண்டும் என்றோர் ஐந்து தொகுதி முறையைக் கொணர்ந்தனர். அரசு 1969இல் இரண்டுக்கும் நடுவே ஒரு சமரசமாகத் தட்டச்சுப் பொறிக்கு நான்கு தொகுதி முறையையும், தொலைவரிப் பொறிக்கு இரு தொகுதி முறையையும் தரமாக்கியது. 1982இல் கணிப்பொறிக்குத் தரமானதும் இரு தொகுதி முறையே. கற்க எளிது, 26 விசைகளுக்குள் அடங்குகிறது என்பன அதன் பக்கத்து நியாயங்கள். அவை பொய்யல்ல. முத்தொகுதி முறைக்கு எண் வரிசை விசைகளும் தேவைப்படுவதை மறுக்க முடியாது.

எனினும் ஒரு தலைமுறை பழகிவிட்டால் வழக்கு முடிந்துவிடுகிறது. எழுத்தைச் சதுரமாக அடுக்கும் வேலையைக் கணிப்பொறியே ஏற்றுக்கொண்டபின், கோங்கின் முறையில் அழகுக் குறை என்று சொல்ல எதுவும் எஞ்சவில்லை. ஆனால் அதற்குள் பள்ளிகளும் அலுவலகங்களும் இரு தொகுதிக்குப் பழகிவிட்டன. இன்று விண்டோஸின் கொரிய அமைப்பிற்குள் சென்றால் முத்தொகுதி முறையையும் தேர்ந்துகொள்ளலாம், தேர்வோர் சிலரே. தமிழ்99 விசைப்பலகையைக் கற்கத் தூண்டி அலுத்துப்போன நம் நண்பர்களுக்கு இந்தக் கதையில் புதுமை ஒன்றும் இராது.

இரண்டாம் வழக்கு குறியீட்டைப் பற்றியது. கணிப்பொறி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. எந்த அசைக்கு எந்த எண் என்பதை யாரேனும் முடிவு செய்தாக வேண்டும். 1987ஆம் ஆண்டின் கொரிய அரசுத் தரம், பன்னாட்டு விதிக்கு இணங்க 94க்கு 94 என்ற கட்டத்துக்குள், அடிக்கடி வழங்கும் 2,350 அசைகளுக்கு மட்டுமே எண் தந்தது. முழுமையான அசைகளைப் பட்டியலிடும் இம்முறைக்கு ‘வான்சோங்’ என்று பெயர். எஞ்சிய 8,822 அசைகளுக்கு அத்தரத்தில் இடமில்லை.

வழங்காத அசைகள்தானே என்று கேட்கலாம். 1990இல் ‘தொம்பங் கக்ஹா’ என்றொரு தொலைக்காட்சித் தொடர் வந்தது. அதன் தலைப்பின் முதல் அசையே பட்டியலில் இல்லை. நாடறிந்த ஒரு தொடரின் பெயரை நாட்டின் தரக் குறியீட்டில் எழுத முடியவில்லை. வட்டார வழக்கு, ஒலிக்குறிப்புச் சொல், அயற்சொல் ஆகியவை எப்போது எந்த அசையைக் கேட்கும் என்று எந்தக் குழுவால் முன்கூட்டிச் சொல்ல முடியும்? எழுத்தின் இலக்கணம் அனுமதிக்கும் ஒன்றை எண்களின் பட்டியல் தடுப்பது முறையா என்பதே வழக்கின் சாரம்.

மாற்று வழி ஏற்கெனவே இருந்தது. 16 இருமங்களில் ஒன்றை அடையாளத்துக்கு ஒதுக்கி, எஞ்சிய 15ஐ முதல், நடு, இறுதி என ஐந்தைந்தாகப் பங்கிட்டால் எல்லா அசைகளும் அடங்கிவிடும். ஐந்து இருமங்கள் 32 நிலைகளைத் தரும். தேவையோ 19, 21, 28 மட்டுமே. ‘ஜோஹாப்’ எனப்பட்ட இந்தக் கூட்டுமுறை செஜோங்கின் இலக்கணத்தையே எண்ணாக்கியது. 1989இல் லீ சான்-ஜின் முதலான இளைஞர்கள் உருவாக்கிய ‘அரே-ஆ ஹங்குல்’ என்ற எழுத்துச் செயலி இவ்வழியைப் பின்பற்றி, 11,172 அசைகளையும் எழுதித் தந்தது. இவ்விளைஞர்களுக்குத் தாம் 1988இல் தொடங்கிய ஹங்குல் பண்பாட்டுக் கழகத்தில் இடமளித்து ஊக்கியவர், முதிய வயதிலும் ஓயாத அதே கண் மருத்துவர். தம் விசைப்பலகை தோற்ற பின்னும் அவர் எழுத்தைக் கைவிடவில்லை. 1995இல் மறைந்த அவர் தம் உடலையும் மருத்துவக் கல்விக்கே கொடுத்துச் சென்றார்.

அந்தச் செயலி மக்கள் மனத்தில் பெற்றிருந்த இடம் 1998இல் வெளிப்பட்டது. நிதி நெருக்கடியில் சிக்கிய அதன் நிறுவனம், மைக்ரோசாப்டின் முதலீட்டைப் பெற்றுக்கொண்டு செயலியைக் கைவிடுவதாக ஜூன் மாதம் அறிவித்தது. பொதுமக்கள் கிளர்ந்தெழுந்து நிதி திரட்டினர். அடுத்த மாதமே அம்முடிவு கைவிடப்பட்டது. விடுதலை நாளான ஆகஸ்ட் 15இன் பெயரால் ‘ஹங்குல் 815’ என்ற பதிப்பு 10,000 வொன் விலையில் வெளியாயிற்று.

குறியீட்டு வழக்கோ அதற்கு முன்பே தீர்ந்திருந்தது. 1992இல் கூட்டுமுறை அரசுத் தரத்தின் பின்னிணைப்பாக ஏற்கப்பட்டது. 1991இல் வெளிவந்த யூனிகோடில் முதலில் 2,350 அசைகளே இருந்தன. 1993இல் அவை 6,656 ஆயின. கொரியர் அதனோடும் அமையவில்லை. 1996இல் வந்த யூனிகோடு 2.0, பழைய இடங்களை முற்றிலும் அகற்றிவிட்டு, 11,172 அசைகளையும் அகரவரிசையில் புதிய இடத்தில் அமர்த்தியது. முதல், நடு, இறுதி எண்களைக் கொண்டு எந்த அசையின் எண்ணையும் ஒரு பெருக்கல் கணக்கில் கண்டுவிடலாம். ஆனால் பழைய எண்களில் சேமித்த ஆவணங்கள் பொருளிழந்தன. கணிப்பொறி வல்லுநர் இதைக் ‘கொரியக் குழப்பம்’ என்று குறித்து, ஒருமுறை இடம்பெற்ற எழுத்தை இனி எந்நாளும் நகர்த்துவதில்லை என்று உறுதிபூண்டனர்.

கொரியர் உள்ளே சென்றதும் சாத்தப்பட்ட இந்தக் கதவின் வெளியே நின்றவர்களுள் நாமும் உண்டு. இந்திய அரசுத் தரமான இஸ்கியின் அடிப்படையில், தேவநாகரியை ஒட்டிய அமைப்பில், தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட தொகுதி 1991லேயே வகுக்கப்பட்டுவிட்டது. மெய்யோடு உயிர் சேர்ந்து உயிர்மெய் பிறக்கும் என்பது நம் இலக்கணம். அங்கோ அகரமேறிய உயிர்மெய்யே அடிப்படை, அதன்மேல் புள்ளியிட்டால் மெய். தமிழகத்தில் இதைப் பற்றிய விவாதம் வலுப்பெற்றபோது கதவு சாத்தியாயிற்று. எல்லா எழுத்துகளுக்கும் தனி இடம் தரும் ‘டேஸ்16’ குறியீட்டைத் தமிழக அரசு 2010இல் மாற்றுத் தரமாக ஏற்றது. யூனிகோடின் பொது இடத்துக்குள் அதனால் நுழைய இயலவில்லை.

அதனால் தமிழ் அழிந்துவிடவில்லை. இக்கட்டுரையும் அந்த யூனிகோடில்தான் தட்டப்பட்டது. எழுத்துருக்களும் மென்பொருள்களும் குறையை நாம் உணராதவாறு மறைத்துவிடுகின்றன. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கொரியர் வென்றது எழுத்துச் சிறப்பால் மட்டும் அன்று. மொழியறிஞரும் மருத்துவரும் மாணவரும், தரம் இறுகுவதற்கு முன்பே, எண்களைப் பற்றிய இந்த வறண்ட விவாதத்தைத் தம் விவாதமாகக் கொண்டனர். நாமோ, தமிழ் கற்பிப்போர், இதைப் பொறியாளர் பாடு என்று நெடுங்காலம் விட்டுவைத்தோம். அவர்களும் விசைப்பலகையில் நேரம் தவறியபோது தோற்றனர் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

இவற்றையெல்லாம் சொல்லி முடித்தபோது மாணவி, அந்தத் தொடரின் முதல் அசையைத் தட்டிப் பார்க்கலாமா என்றார். ஷிப்டோடு ஆங்கில ‘ஈ’, பிறகு ‘ஹெச்’, பிறகு ‘ஏ’. மூன்றே தட்டல்கள். 1990இல் தர எண் பெறாதிருந்த அந்த ‘தொம்’, நம் துறையின் பழைய திரையில் சதுரமாக வந்து நின்றது. மாணவி அடுத்த சொல்லுக்குப் போய்விட்டார்.