சொந்த மண்ணும் இரண்டாம் வரிசையும்: ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் ஆடவர் அணி இறகுப்பந்து (1962–2023)

ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இறகுப்பந்து 1962இல் ஜகார்த்தாவில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அன்று தொடங்கி, ஓராண்டு தள்ளிப்போய் 2023இல் ஹாங்சோவில் நடந்த போட்டி வரை, ஆடவர் அணித் தங்கம் 16 முறை வழங்கப்பட்டிருக்கிறது. வென்ற நாடுகள் நான்கே: சீனா 7, இந்தோனேசியா 5, தென் கொரியா 3, தாய்லாந்து 1. இந்தப் பட்டியலைப் போட்டி நடந்த ஊர்களோடு பொருத்திப் பார்த்தால், 16இல் 8 தங்கங்கள் போட்டியை நடத்திய நாட்டுக்கே போயிருப்பது தெரிகிறது. மீதி எட்டை இந்தோனேசியாவும் சீனாவும் ஆளுக்கு நான்காக எடுத்துக்கொண்டன. வேறெந்த நாடும் அயல் மண்ணில் இத்தங்கத்தை வென்றதில்லை. இந்தப் பங்கீட்டின் காரணத்தைத் தேடுகிறது இக்கட்டுரை.

சொந்த மண்ணின் பலமும் எல்லையும்

1962இல் ஜகார்த்தாவில் இந்தோனேசியா, 1966இல் பாங்காக்கில் தாய்லாந்து என முதல் இரு தங்கங்களும் நடத்திய நாடுகளுக்கே கிடைத்தன. தென் கொரியாவின் மூன்று தங்கங்களும் சியோல் (1986), பூசான் (2002), இஞ்சியோன் (2014) ஆகிய அதன் சொந்த ஊர்களில் வந்தவை. சீனாவும் பெய்ஜிங் (1990), குவாங்சோ (2010), ஹாங்சோ ஆகிய மூன்று இடங்களில் வீட்டிலேயே வென்றது.

இதற்கு ரசிகர்களின் ஆரவாரத்தை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. 16 இறகுகள் கொண்ட ஷட்டிலின் எடை ஐந்து கிராம் அளவே. அரங்கின் குளிர்சாதனக் காற்று அதைச் சற்றே தள்ளினாலும் கோட்டுக்குள் விழவேண்டியது வெளியே விழும். ஒவ்வொரு அரங்கின் காற்றோட்டத்துக்கும் கை பழகியாக வேண்டும். இஞ்சியோனில் காற்று உள்ளூர் அணிக்குச் சாதகமாக வீசியதாக ஜப்பான் தரப்பு புகார் கூறியதும், ஏற்பாட்டாளர்கள் அதை மறுத்ததும் இதனால்தான் செய்தியாயின.

ஆயினும் சொந்த மண் மட்டும் போதாது. பாங்காக் நான்கு முறை போட்டியை நடத்தியது. தாய்லாந்து வென்றது ஒரே முறை. தெஹ்ரான், டெல்லி, ஹிரோஷிமா, தோகா நகரங்களிலும் தங்கம் வெளியூருக்கே போனது.

ஐந்து ஆட்டக் கணக்கு

அணிப் போட்டியில் ஒற்றையர் மூன்று, இரட்டையர் இரண்டு என ஐந்து ஆட்டங்கள். மூன்றை முதலில் வெல்லும் அணிக்கு வெற்றி. ஆகவே ஒரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரும் தலைசிறந்த இணையும் இரண்டு வெற்றிகளையே தர முடியும். மூன்றாவது வெற்றி, அவர்களுக்கு அடுத்த வரிசையில் நிற்பவர்களிடமிருந்துதான் வரவேண்டும்.

1970 பாங்காக் போட்டியில் ஆடவர் ஒற்றையர் தங்கத்தை வென்றவர் மலேசியத் தமிழரான பஞ்ச் குணாளன். அணித் தங்கமோ இந்தோனேசியாவுக்குப் போனது. 2018 ஜகார்த்தாவில் அதே இந்தோனேசியாவுக்கு இதன் மறுபக்கம் வாய்த்தது. ஒற்றையர் தங்கம் ஜோனத்தான் கிறிஸ்டிக்கு, இரட்டையர் தங்கம் கெவின்–மார்க்கஸ் இணைக்கு. ஆனால் அணி இறுதியில், 1962இல் வென்ற அதே இஸ்தோரா அரங்கில், சொந்த மக்கள் முன்னிலையில் 1–3 எனச் சீனாவிடம் தோற்றது.

வரிசை உருவான விதம்

இந்தோனேசியாவின் இரண்டாம் வரிசை மன்றங்களில் உருவானது. ஜாவாவின் குடுஸ் நகரில் ஜாரும் சிகரெட் நிறுவனத்தின் கூடமொன்றில் பகலெல்லாம் தொழிலாளர்கள் சிகரெட் சுருட்டுவார்கள். மாலையானால் அங்கேயே இறகுப்பந்து ஆடுவார்கள். 1969இல் தொடங்கிய ஜாரும் மன்றத்தின் வேர் அந்தக் கூடம்தான். 1978 ஒற்றையர் தங்கம் வென்ற லிம் ஸ்வீ கிங் அங்கு வளர்ந்தவர். சீனாவில் இதே வேலையை விளையாட்டுப் பள்ளி, மாகாண அணி, தேசிய அணி என்ற அரசுப் படிக்கட்டு செய்தது.

இவ்விரு மரபுகளும் ஒன்றுக்கொன்று அந்நியமானவை அல்ல. சீனா 1974இல் தெஹ்ரானில்தான் முதன்முறை ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு வந்தது. வந்ததும் இந்தோனேசியாவை வென்று அணித் தங்கம் பெற்றது. ஒற்றையர் தங்கம் வென்ற ஹௌ ஜியாசாங் பிறந்தது ஜாவாவின் செமாராங்கில். அவரோடு சீன இறகுப்பந்தை எழுப்பிய டாங் சியான்ஹு பிறந்தது சுமத்ராவின் லாம்புங்கில். இருவரும் 1960 வாக்கில் சீனாவுக்குப் பெயர்ந்தவர்கள். இரு நாடுகளுக்கிடையே 1967 முதல் 1990 வரை தூதரக உறவே இல்லை. ஆட்டக் கலை மட்டும் எல்லை கடந்திருந்தது. 1980களின் பிற்பகுதியில் டாங் இந்தோனேசியா திரும்பிப் பயிற்சியாளரானார். பிறந்த நாட்டில் குடியுரிமை கிடைக்காமல் 1990களின் இறுதியில் மீண்டும் சீனா சென்று, பின்னாளில் நட்சத்திரமான லின் டானை உருவாக்கினார். 1994, 1998 தங்கங்கள் இந்தோனேசியாவுக்கும், 2006, 2010 தங்கங்கள் லின் டான் ஆடிய சீன அணிக்கும் கிடைத்தன. இதை ஒருவரின் சாதனையாகச் சுருக்க இயலாது. ஆனால் அயல் மண்ணில் வென்ற இரு நாடுகளும் ஒரே ஊற்றில் நீர் குடித்தவை என்பதற்கு அவர் வாழ்க்கை சான்று.

ஹாங்சோவில் இந்தியா

1974, 1982, 1986 வெண்கலங்களுக்குப் பிறகு, 37 ஆண்டு கழித்து, 2023இல் இந்திய ஆடவர் அணி மீண்டும் பதக்கம் வென்றது. அரையிறுதியில் தென் கொரியாவை 3–2 என வீழ்த்தியபோது ஐந்தாவது ஆட்டத்தை வென்று கொடுத்தவர் ஸ்ரீகாந்த். அக்டோபர் 1 அன்று சீனாவுக்கு எதிரான இறுதியில் லக்‌ஷ்யா சென்னும் சாத்விக்–சிராக் இணையும் 2–0 என முன்னிலை தந்தார்கள். ஸ்ரீகாந்த் முதல் செட்டை 22–24 எனக் கைநழுவவிட்டதும் ஆட்டம் திரும்பியது. இரண்டாம் இரட்டையர் இணை 6–21, 15–21 எனத் தோற்றது. இந்தியாவின் முன்னணி ஒற்றையர் ஆட்டக்காரர் பிரணாய் முதுகுவலியால் ஆட முடியாததால், ஐந்தாவது ஆட்டத்துக்கு மிதுன் மஞ்சுநாத் இறங்கினார். ஸ்கோர் 12–21, 4–21. சில நாள் கழித்து சாத்விக்–சிராக் அதே அரங்கில் இரட்டையர் தங்கம் வென்றார்கள்.

குணாளனின் 1970, கிறிஸ்டியின் 2018, சாத்விக்–சிராக்கின் 2023 மூன்றும் சொல்வது ஒன்றே. தனிநபர் தங்கத்துக்கு ஒரு மேதை போதும். அணித் தங்கத்துக்கு நான்காம், ஐந்தாம் ஆட்டங்களுக்கும் ஆள் வேண்டும். அந்த ஆள்பலம் சற்றே குறைந்த இடத்தில் சொந்த மண் கைகொடுத்திருக்கிறது; அறவே இல்லாத இடத்தில் எந்த மண்ணும் கைகொடுத்ததில்லை. இந்தியாவுக்கு முதன்முறையாக வெள்ளி கிடைத்தது. தங்கத்துக்கும் அதற்கும் இருந்த தூரம், பிரணாய் உட்கார்ந்தபோது எழுந்து நிற்க இன்னொரு பிரணாய் இல்லாத தூரம்தான்.