பரேசி நின்ற கோடு

பயிற்சிக்கு வந்து சேரும் பையன்களில் ‘ஃபார்வர்டு ஆடணும் சார்’ என்று சொல்லாதவன் அபூர்வம். பின்னால் நிற்க யாருக்கும் ஆசை இல்லை. ஸ்டாப்பராகவே ஆடி முடித்தவன் என்பதால் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அப்படிப்பட்ட பையன்களுக்கு நான் முதலில் சொல்வது ஏ.சி. மிலானின் ஃபிராங்கோ பரேசியின் கதை. தன் வேலையில் கைதேர்ந்த பிறகு, 27 வயதில், அதே வேலையை வேறு விதமாக மறுபடி கற்றுக்கொண்டவர் அவர்.

அந்தப் பழைய விதத்தைச் சொன்னால்தான் இது புரியும். 1960-களில் பயிற்சியாளர் ஹெலனியோ ஹெரேராவின் இண்டர் மிலான் அணி ஐரோப்பாவை வென்றது. தடுப்பவர்கள் ஆளுக்கு ஒருவரை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். அவர்களுக்கும் பின்னால், யாரையும் பிடிக்கும் பொறுப்பில்லாமல் ஒருவர் தனியாக நிற்பார். தப்பி வரும் பந்து அவர் கணக்கு. இண்டரில் அந்த இடத்தில் நின்றவர் அர்மாண்டோ பிக்கி. ‘லிபரோ’ என்ற அந்த இடம் இத்தாலிய ஆட்டத்தின் அடையாளமாகவே ஆகிப்போனது.

பரேசி அந்த மரபில் வளர்ந்தவர். பிரெஷாவுக்குப் பக்கத்தில் டிராவல்யாட்டோ என்ற ஊரில் 1960-இல் பிறந்தார். பதின்வயதிலேயே தாயையும் தகப்பனையும் இழந்தார். அண்ணன் ஜுசெப்பேயைச் சேர்த்துக்கொண்ட இண்டர் தம்பியை வேண்டாம் என்றது, மிலான் எடுத்துக்கொண்டது. 1978 ஏப்ரலில், 17 வயதில், வெரோனாவுக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த பருவத்திலேயே லீக் பட்டம்.

பிறகு வந்தது சோதனைக் காலம். 1980-இல் பந்தய ஊழலுக்குத் தண்டனையாக மிலான் இரண்டாம் பிரிவுக்கு இறக்கப்பட்டது. ஏறி வந்த கையோடு 1982-இல் மறுபடியும் இறங்கியது, இந்த முறை மோசமாக ஆடியே. அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இத்தாலி அணியில் பரேசி இருந்தார். ஒரு ஆட்டத்திலும் இறக்கப்படவில்லை. அவர் வேறு கிளப்புக்குப் போயிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. 22 வயதில் கேப்டன் பட்டையைக் கட்டிக்கொண்டு இரண்டாம் பிரிவில் ஆடினார்.

1987-இல் பயிற்சியாளராக அரிகோ சாக்கி வந்தார். தொழில்முறையாக ஒரு ஆட்டம்கூட ஆடாதவர், செருப்பு விற்றவர். அவர் லிபரோவே வேண்டாம் என்றார். நால்வரும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே 25 மீட்டர் அளவே இடைவெளி இருக்க வேண்டும். இதற்காகப் பார்மாவில் தன்னிடம் ஆடிய சிஞ்ஞோரினியின் வீடியோக்களைப் பரேசியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். இத்தாலிய அணிக்கு ஆடியவரிடம், இரண்டாம் பிரிவில் ஆடிய ஒருவரைப் பார்த்துக் கற்றுக்கொள் என்பது சாதாரணமா? பரேசிக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் கற்றுக்கொண்டார்.

கற்றுக்கொண்டது என்ன என்பதை மைதானத்தில் நிற்க வைத்துத்தான் நான் காட்டுவேன். பந்து வைத்திருக்கும் எதிரியை நம் ஆள் நெருக்கினால், அவன் தலை குனிந்து பந்தைப் பார்ப்பான். அவன் உதைக்கும் நொடிக்குச் சற்று முன், கபடியில் கைகோத்து நிற்பவர்களைப் போல நால்வரும் சேர்ந்து முன்னே வர வேண்டும். பின்னால் விடப்பட்ட ஃபார்வர்டு ஆஃப்சைடு. பந்து வைத்திருப்பவன் நெருக்கடியில்லாமல் தலை நிமிர்ந்து நின்றால் கதை வேறு. அப்போது பின்வாங்கி ஓட வேண்டும். முன்னேறுவதா, பின்வாங்குவதா என்பதை ஒருவர் முடிவு செய்ய, மற்ற மூவரும் நம்ப வேண்டும். டசோட்டி, கோஸ்டகூர்டா, மால்டினி மூவரும் நம்பியது பரேசியின் கண்ணை. ஆறடிகூட இல்லாத அந்த மனிதர் கையை உயர்த்தினால் கோடே நகரும்.

சாக்கியின் முதல் பருவத்திலேயே லீக் பட்டம். 30 ஆட்டங்களில் வாங்கிய கோல்கள் 14. 1989, 1990 இரண்டு ஆண்டும் ஐரோப்பியக் கோப்பை. அன்றைய விதி அவர்களுக்குச் சாதகம் என்று சொல்பவர்கள் உண்டு. கடைசித் தடுப்பாளருக்கு நேர்க்கோட்டில் நின்றாலே அப்போது ஆஃப்சைடு என்பது உண்மைதான். 1990-இல் அந்த விதி மாறியது. மாறிய பிறகு, சாக்கிக்குப் பின் பயிற்சியாளராக வந்த கபெல்லோவின் கீழ், 1993-94 பருவத்தில் 34 ஆட்டங்களில் மிலான் வாங்கியது 15 கோல்கள். விதியால் வந்த வெற்றி என்று இதை எப்படிச் சொல்வது?

1994 உலகக் கோப்பையில், ஜூன் 23-இல் நார்வேக்கு எதிராக முழங்கால் ஜவ்வு கிழிந்தது. அறுவைச் சிகிச்சை. ஜூலை 17-இல் பாசடீனாவின் பகல் வெயிலில் பிரேசிலுக்கு எதிரான இறுதி ஆட்டம். 34 வயதில், 120 நிமிடமும் களத்தில் நின்றார். ரொமாரியோவும் பெபெடோவும் ஒரு கோலும் போடவில்லை. ஆட்டம் பெனால்டிகளுக்குப் போனது. தசைப்பிடிப்போடு முதல் பெனால்டியை உதைத்தார். பந்து கம்பத்துக்கு மேலே போனது. அந்த ஒரு உதையை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை.

1997-இல் ஓய்வு பெற்றபோது மிலானுக்காக ஆடிய ஆட்டங்கள் 719. அவருடைய 6-ஆம் எண் சட்டையைக் கிளப் வேறு யாருக்கும் கொடுக்கவில்லை. ஆனால் பையன்களுக்கு நான் போட்டுக் காட்டுவது அவர் ஆடாத ஒரு ஆட்டம்: 1994 மே மாதம் ஏதென்ஸில் நடந்த ஐரோப்பிய இறுதி. பரேசிக்கும் கோஸ்டகூர்டாவுக்கும் தடை. நடுவில் மால்டினியும் ஃபிலிப்போ கல்லியும் நின்றார்கள். எதிரே பார்சிலோனாவின் ரொமாரியோ, ஸ்டோய்ச்கோவ். மிலான் 4-0 என்று வென்றது. நான் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அந்த நால்வரும் எப்போது முன்னே வருகிறார்கள் என்று கேட்பேன்.