சல்ஃபடைடு ஆக்கமும் நொதி வரிசையும்: வேலூர் ஆய்வை முன்வைத்து

மூளையில் செறிந்துள்ள சவ்வுக் கொழுப்புகளின் தனித்தன்மை அவற்றின் மூலப்பொருளில் இல்லை. அவற்றை ஆக்கும் நொதிகளின் வரிசையிலும் இடத்திலும்தான் உள்ளது என்பது இக்கட்டுரையின் கருத்து. நரம்பிழைகளைப் போர்த்தும் மயலின் உறையின் சல்ஃபடைடு இதற்குத் தக்க சான்று. செரின், கொழுப்பு அமிலங்கள், காலக்டோஸ், சல்ஃபேட் என அதற்கு வேண்டியவை எல்லாம் உடலெங்கும் கிடைப்பவையே. ஒரகடத்துக் கார் ஆலைக்கு உதிரிபாகங்கள் பல ஊர்களிலிருந்து வருகின்றன; எது எந்த நிலையில் பொருத்தப்படுகிறது என்பதே வண்டியைத் தீர்மானிக்கிறது. மயலினை உருவாக்கும் ஆலிகோடென்ட்ரோசைட் செல்லிலும் இதுவே நடைமுறை.

முதலில் எண்டோபிளாச வலையில் செரமைடு உருவாகிறது. அங்கேயே காலக்டோஸ் சேர, அது செரிப்ரோசைடு ஆகிறது. கோல்கை உறுப்பை அடைந்த பின்னரே காலக்டோஸின் மூன்றாம் கார்பனில் சல்ஃபேட் ஏறி, செரிப்ரோசைடு சல்ஃபேட் என்னும் சல்ஃபடைடு உருவாகிறது. வெறும் சல்ஃபேட் அப்படி ஏறிவிடாது; ஏடிபியால் ஊக்கம் பெற்று ‘பாப்ஸ்’ என்னும் வழங்கி மூலக்கூறாக மாற வேண்டும்.

இந்தக் கடைசிப் படியைப் பற்றிய முக்கியமான சான்றுகளுள் ஒன்று தமிழ்நாட்டில் கிடைத்தது. வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், பி. கே. பச்சாவத் நரம்பு வேதியியல் ஆய்வை வளர்த்தார். அவரும் ஏ. எஸ். பாலசுப்பிரமணியனும், செம்மறியாட்டு மூளையில் பாப்ஸிலிருந்து செரிப்ரோசைடு சல்ஃபேட் உருவாவதை 1965இல் வெளியிட்டனர். சல்ஃபேட்டை ஏற்றும் திறன் மூளைத் திசுவிடமே இருக்கிறது என்பதே இதன் பொருள்.

காலக்டோஸ் சேரும் வரிசை குறித்து மாற்றுக் கருத்தும் இருந்தது. காலக்டோஸ் முதலில், செரமைடின் கூறான ஸ்பிங்கோசினுடன் சேர்ந்து சைகோசின் உருவாவதை 1960இல் கிளீலண்டும் கென்னடியும் காட்டினர். செரமைடே காலக்டோஸை ஏற்கிறது என்பதை 1969இல் மோரெலும் ராடினும் காட்டினர். செரிப்ரோசைடு ஆக்கத்தின் முதன்மை வழியாக இன்று ஏற்கப்படுவது பின்னதே.

மூலப்பொருளே முதன்மை என்பாருக்கு எலி ஆய்வுகள் விடை தருகின்றன. காலக்டோஸ் சேர்க்கும் நொதி நீக்கப்பட்ட எலிகளைப் பற்றிய ஆய்வுகள் 1996இல் வந்தன. மூலப்பொருள் இருந்தும் அவற்றில் செரிப்ரோசைடும் இல்லை, சல்ஃபடைடும் இல்லை. குளுக்கோஸ் ஏற்ற கொழுப்பு ஓரளவு ஈடுகட்டியதால் மயலின் சுற்றியது. ஆனால் நரம்புக் கடத்தல் குன்றி, நடுக்கம் கண்டது. சல்ஃபேட் ஏற்றும் கடைசி நொதியை மட்டும் நீக்கிய 2002ஆம் ஆண்டு ஆய்வில், மயலின் உறையின் இடைவெளிகளான ரன்வியர் கணுக்களை ஒட்டிய இணைப்புகள் சீர்குலைந்தன. ஒவ்வொரு படிக்கும் தனிப் பணி உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆக்கத்தோடு சிதைவையும் சேர்த்தே பார்க்க வேண்டும். சல்ஃபடைடின் சல்ஃபேட்டை நீக்கும் அரைல்சல்ஃபடேஸ்-ஏ நொதி குறைந்தால் சல்ஃபடைடு தேங்கி, மெட்டாக்ரோமாட்டிக் லியூகோடிஸ்ட்ரோபி என்னும் மரபு நோயில் மயலின் அழிகிறது. ஆகவே மூளைக் கொழுப்பு நோய்களை ஆராய்வோர் கொழுப்பின் அளவை மட்டும் கணக்கிட்டால் போதாது. அதை ஆக்கும் நொதி, சிதைக்கும் நொதி இரண்டின் செயல்திறனையும் சேர்த்து அளக்க வேண்டும்.