53 நாள் தனியார் ரீவி

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்கு கொழும்பிலிருந்து வருகிறவர்கள் மார்ச்சிலும் ஓகஸ்டிலும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ரீவி மட்டும் கொழும்பிலிருந்து இந்தக் கரைக்கு வர ரொம்ப நாள் எடுத்தது. நம்ம நாட்டின் முதல் தொலைக்காட்சி நிலையம் அவ்வளவு சின்னது, கொழும்பையும் அதைச் சுற்றியிருந்த இடங்களையும் தாண்டாது. இன்னொரு விஷயம், அது அரசாங்கத்துடையதே இல்லை.

1979 ஏப்ரல் 13, சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள். ஷான் விக்கிரமசிங்கவும் அனில் விஜேவர்தனவும் தொடங்கிய 'சுயாதீன தொலைக்காட்சி' அன்றைக்குத்தான் ஒளிபரப்புக்கு வந்தது. பன்னிப்பிட்டிய பக்கம் மஹல்வராவயில் குறைந்த வலுவுள்ள ஒரு ஒளிபரப்பி, அதுக்கு ஒரு அன்டெனா. ரேடியோ 1925லேயே வந்துவிட்ட நாடு இது. எதிர்க்கரையில் சென்னைக்கு 1975இல் ரீவி வந்திருந்தது. இங்கே அதுவரைக்கும் ஒன்றுமில்லை. 1977க்குப் பிறகு இறக்குமதி திறந்துவிடப்பட்டதால் ரீவி பெட்டி வாங்கக் கூடியவர்கள் கொழும்பில் இருந்தார்கள். அவர்களுக்குப் போதுமான அளவில் தொடங்கிய வேலை அது.

ஜூன் 5இல் அரசாங்கம் அதை எடுத்துக்கொண்டது. கணக்குப் பார்த்தால் 53 நாள். எடுத்தது எந்த அரசாங்கம் என்பதுதான் வேடிக்கை. திறந்த பொருளாதாரத்தைக் கொண்டுவந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம்! ஷானின் சகோதரர் ரணில் அப்போது அதே அரசாங்கத்தில் இருந்தார். துணியும் ரேடியோ பெட்டியும் தனியாரிடம் இருக்கலாம், வீட்டுக்குள் படம் காட்டுகிற கருவி மட்டும் கூடாது என்று நினைத்தார்கள் போல. இது என்னுடைய ஊகம்தான், ஆனால் பிறகு நடந்தது எல்லாம் அந்தப் பக்கமே போகிறது.

1982 பெப்ரவரி 15இல் ஜப்பானிய உதவியோடு ரூபவாஹினி வந்தது. நாட்டின் மிக உயர்ந்த மலை பிதுருதலாகல. அதன் உச்சியில் ஒளிபரப்பி வைத்தார்கள். ரீவி அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகிறது, உயரத்தில் நின்றால் தூரம் போகும். படம் தெளியும்வரை கூரைக்கு மேலே ஒருத்தர் அன்டெனாவைத் திருப்ப, உள்ளேயிருந்து "இன்னும் கொஞ்சம்... ஆ, அங்கேயே நிப்பாட்டு!" என்று கத்திய காலத்தை நம்ம பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

சுயாதீன தொலைக்காட்சி 1992இல் கம்பனியாக மாற்றப்பட்டது. பங்குகள் அரசாங்கத்திடமே இருந்தன. பெயரில் 'சுயாதீனம்', உரிமையில் அரசாங்கம். இந்த முரணைச் சரிசெய்ய யாருக்கும் தோன்றவில்லை. பெயரை மாற்றுவது சுலபமாக இருந்திருக்கும்! இதே நிறுவனம் 2009 ஜூன் 25இல் 'வசந்தம்' என்ற தமிழ் அலைவரிசையைத் தொடங்கியது. யுத்தம் முடிந்து ஒரு மாதம் கழித்து. நம்ம வீடுகளில் வசந்தம் பார்க்கிற எத்தனை பேருக்கு அதன் வேர் அந்த மஹல்வராவ நிலையம் என்று தெரியும்?

ஷான் விக்கிரமசிங்க விடவில்லை. 1993இல் டி.என்.எல். தொடங்கினார். 2018இல் பொல்கஹவெலவில் இருந்த அதன் ஒளிபரப்பு நிலையத்தை தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு மூடியபோது ரணில்தான் பிரதமர். தம்பி பிரதமராக இருந்தும் அண்ணனின் நிலையம் தப்பவில்லை.

யாருக்கு அலைவரிசை கொடுப்பது என்று அரசியல்வாதிகளிடமிருந்து விலகி நின்று தீர்மானிக்க ஒரு அமைப்பு வேண்டாமா? 1997இல் ஒலி, ஒளிபரப்பு அதிகார சபைக்கு ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார்கள். அந்த அதிகார சபையே அமைச்சரின் பிடியில்தான் இருக்கும் என்பதால் உயர் நீதிமன்றம் அதை அரசியலமைப்புக்கு முரண் என்றது. அலைகள் பொதுச்சொத்து என்றும் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் அந்தச் சட்டமூலம் போன பிறகு, தனியார் ரீவிக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் 1982ஆம் ஆண்டு ரூபவாஹினிச் சட்டத்தின்படி அமைச்சரிடமே தங்கிவிட்டது.

கற்பிட்டியிலிருந்து தலவில வரைக்கும் மட்டும் எட்டுகிற, மீன்விலையும் கடல்நிலையும் திருவிழாவும் காட்டுகிற ஒரு சின்ன ரீவி வேண்டும் என்று நம்மில் யாராவது நாளைக்கு நினைத்தால், அந்த அனுமதிக்கும் கொழும்புக்குத்தான் பஸ் ஏற வேண்டும்.