பகுதி எண்ணில் யார் இருக்கிறார்கள்?

பின்னம் கற்பிக்கும்போது மேலே நிற்பது தொகுதி, கீழே நிற்பது பகுதி என்று சொல்லிக்கொடுக்கிறோம். பிள்ளைகளின் கண் எப்போதும் மேலேதான் போகும். நூலகங்களைப் பற்றிப் பேசுவோரும் அப்படியே. எத்தனை நூலகர்கள் என்று உடனே கேட்பார்கள். எத்தனை மக்களுக்கு என்பது பிறகுதான் நினைவுக்கு வரும். சிங்கப்பூர்ப் பொது நூலகத்தின் வரலாற்றைப் படித்தபோது, பெரிய மாற்றம் கீழேயிருந்து தொடங்கியதைக் கண்டேன்.

1874 முதல் அரசாங்கப் பொறுப்பில் இருந்த இராஃபிள்ஸ் நூலகத்தில், நூலை வீட்டுக்கு எடுத்துச் செல்லச் சந்தா கட்ட வேண்டும். நூல்களில் பெரும்பாலானவை ஆங்கிலம். நகரில் இலட்சக்கணக்கானோர் வாழ்ந்தாலும், இரவல் பெறுவோர் என்று கணக்கில் வந்தவர்கள் சந்தாதாரர்களே. சிலரே பணியாற்றினாலும் குறை தெரியாது. 1953இல் கொடைவள்ளல் லீ கொங் சியான் 375,000 வெள்ளி தர முன்வந்தார். நூலகம் இலவசமாக இருக்க வேண்டும், இவ்வட்டார மொழிகளுக்கும் அதில் இடம் வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அந்த நிபந்தனை பணத்தினும் பெரிது என்பேன். 1960 நவம்பர் 12ஆம் நாள் ஸ்டாம்ஃபோர்டு சாலையில் புதிய கட்டடம் திறக்கப்பட்டபோது, பகுதி எண்ணாகத் தீவின் மக்கள்தொகை முழுவதும் வந்து நின்றது. 1957 கணக்கெடுப்பின்படி அது ஏறத்தாழ 14 இலட்சத்து 46 ஆயிரம்.

2,500 பேருக்கு ஒரு நூலகப் பணியாளர் என்னும் அளவைப் பிரிட்டனில் பூர்டில்லன் குழு 1962இல் முன்வைத்தது. இஃப்லாவும் யுனெஸ்கோவும் 2001இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அதே எண்தான். அப்பணியாளரில் மூன்றில் ஒருவர் தொழில்முறைத் தகுதி பெற்ற நூலகராக இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. அதாவது 7,500 பேருக்கு ஒரு நூலகர். இந்த அளவை அன்றைய சிங்கப்பூருக்குப் பொருத்திப் பார்த்தால் 190க்கும் மேற்பட்ட நூலகர்கள் தேவை. அத்தனை பேருக்கு எங்கே போவது? 1960இல் தலைமைப் பொறுப்பேற்ற ஹெட்விக் அனுவாரே இலண்டன் சென்று நூலகக் கல்வி பெற்றவர். அவர் ஜொகூர் பாருவில் பிறந்தவர் என்பதில் எங்களூர்க்காரர்களுக்குச் சிறு பெருமை உண்டு. மலேசியப் பொது நூலக வளர்ச்சிக்கு 1968இல் திட்ட வரைவு எழுதியவரும் அவரே.

1970இல் குவீன்ஸ்டவுனில் முதல் முழுநேரக் கிளை, 1974இல் தோ பாயோ என நூலகங்கள் குடியிருப்புகளைத் தேடி வந்தன. மக்கள்தொகையோ 1970இலேயே 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது.

1995இல் தேசிய நூலக வாரியம் அமைந்த பிறகு வேறொரு வழி பிறந்தது. 1998இல் புக்கிட் பாத்தோக் நூலகத்தில் வானலை அடையாளச் சில்லுகள் நூல்களில் பொருத்தப்பட்டன. 2002இல் செங்காங்கில் வாசகர்களே எல்லாவற்றையும் செய்துகொள்ளும் நூலகம் வந்தது. 2013இல் சைனாடவுன் நூலகம் தொண்டூழியர்களைக் கொண்டு திறக்கப்பட்டது. முத்திரை குத்தும் வேலையிலிருந்து மனிதர் விடுபட்டது நல்லதே. நீண்ட வரிசைகளில் நின்றவர்கள் ஒப்புக்கொள்வர். ஆனால் இயந்திரம் ஏற்றுக்கொண்டது எழுத்தர் வேலையை. நூலகர் வேலையை அன்று. தலைக்கணக்கில் இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன.

தமிழாசிரியருக்கு இன்னொரு கவலையும் உண்டு. சிங்கப்பூரில் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 2010இல் 3.3 விழுக்காடு, 2020இல் 2.5 விழுக்காடு. இது ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர். 7,500க்கு ஒருவர் என்றால் பதின்மூன்று தமிழ் நூலகர்கள். பகுதி இன்னும் சுருங்கினால், நியாயமான விகிதம் என்று சொல்லிக்கொண்டே தொகுதியையும் சுருக்கிவிடலாம்; கணக்கில் பிழை இராது.

சில ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவனைப் பாலம் கடந்து அழைத்துச் சென்றிருந்தேன். நூற்பெயர் அவனுக்குத் தெரியாது. யானையும் ஒரு பாட்டியும் வரும் கதை என்று மட்டும் சொன்னான். தமிழ் அடுக்கருகே நின்ற நூலகர் அம்மையார் இரண்டு கேள்விகள் கேட்டார், நேரே போய் எடுத்து வந்தார். அவன் ஜொகூர்ப் பிள்ளை. அவர்களுடைய பகுதி எண்ணில் அவன் இல்லை.