தாமர்லா குடும்பத்தின் கோட்டை

"ஐயா, நம்ம பக்கத்துல ராஜா யாருமே இருந்ததில்லையா? ஒரு அரண்மனைகூடக் காணோமே!" என்று ஒரகடத்திலிருந்து வரும் மாணவர் ஒருவர் வகுப்பில் கேட்டார். திருப்பெரும்புதூர்ச் சாலையில் தொழிற்சாலை மதில்களையே கண்டு வளர்ந்தவர் அவர். விடையைத் தேட நாம் அதே சாலையில் பூவிருந்தவல்லி வரை சென்றாலே போதும்.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழவேற்காட்டுக்கும் சாந்தோமுக்கும் இடைப்பட்ட கடற்கரை, விஜயநகர அரசர் மூன்றாம் வேங்கடபதியின் கீழ், தாமர்லா நாயக்கர் குடும்பத்தின் ஆளுகையில் இருந்தது. சென்னப்ப நாயக்கரின் மைந்தருள் வேங்கடப்பர் வந்தவாசியிலும் ஐயப்பர் பூவிருந்தவல்லியிலும் இருந்து ஆண்டனர். 1639ஆம் ஆண்டு ஆங்கிலக் கும்பினியின் பிரான்சிஸ் டேக்கு, மதராசப்பட்டினத்தில் கோட்டை கட்டிக்கொள்ள வேங்கடப்பர் இசைவு அளித்தார். புதிய ஊருக்குத் தந்தையின் பெயரால் சென்னப்பட்டினம் என்ற பெயர் வழங்கிற்று. அப்பெயரைச் சென்ன கேசவர் கோவிலோடு இணைப்போரும் உண்டு.

இங்கே இலக்கிய வாசகர்கள் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இவர்களின் உடன்பிறந்தவரான அங்க பூபாலர், தெலுங்கில் உஷாபரிணயம் என்னும் காவியம் இயற்றியவர். பழவேற்காட்டு டச்சுக்காரரும் மயிலாப்பூர்ப் போர்த்துக்கீசியரும் மோதிக்கொள்வதைத் தடுக்க, இடையே சென்னப்பட்டினத்தை நிறுவியவர் ஐயப்பரே என்கிறது அக்காவியம். கும்பினியின் ஏடுகளிலோ வேங்கடப்பரின் பெயரே முன் நிற்கிறது. ஏடு நிலைத்தது, தம்பியின் காவியத்தை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இசைவு பெற்றுக் கட்டிய புனித ஜார்ஜ் கோட்டை இன்றும் அரசின் தலைமைச் செயலகமாக விளங்குகிறது. இசைவு தந்தவரின் வந்தவாசியோ பிறர் போர்க்களமாயிற்று. 1760 ஜனவரி 22 அன்று அயர் கூட், பிரெஞ்சுத் தளபதி லாலியை அங்கே வென்றார். 1780-81இல் ஹைதர் அலியின் முற்றுகையை எதிர்த்து அக்கோட்டையைக் காத்தவரும் கும்பினியின் பிளின்ட்தான். இன்று எஞ்சியவை இடிபாடுகளே.

மதராஸ் 1996இல் சென்னை ஆனபோது சென்னப்பரின் பெயர் தமிழகமெங்கும் ஒலித்தது. ஒரகடத்து ஆலைகளும் தம்மைச் சென்னை ஆலை என்றே அழைத்துக்கொள்கின்றன. மாணவரிடம் இதைச் சொன்னோம். "அப்படியானால் எங்கள் அண்ணனின் அடையாள அட்டையிலும் அவர் பெயர் இருக்கிறது" என்றார். அரண்மனை எங்கே என்று அதன்பின் அவர் கேட்கவில்லை. அந்தக் காவியம் எங்கே கிடைக்கும் என்று கேட்டார்.